துரவு என்றும் தேடு

சனிக்கிழமை, இரவு எட்டே முக்கால்.
திசையன்விளையில் மழை இல்லை, கரண்ட் இருக்கிறது.
நாளை மூன்று ஆலயம், ஒரே மொபெட்,
ஒரே பிரசங்கம்:
மூடிப்போன கிணறுகளைத் திறந்தவர்கள்.

லேப்டாப் சேகரத்துக்குச் சொந்தம்.
வேத ஆராய்ச்சி மென்பொருளைத் திறந்தால்
பதினொரு சன்னல் ஒன்றாய்த் திறக்கும்
கலியாண வீட்டு வாசல் மாதிரி.
எவர் செருப்பு எது?
அத்தனையையும் மூடினேன்.
இடப்பக்கம் தமிழ். வலப்பக்கம் எபிரெயு.
கீழே அகராதி, ஒரு சாண் அகலத்துக்கு.
வரைபடத்தைத் தூக்கிக் கடாசினேன்.
பெயெர்செபாவுக்கு வழி தெரிந்து என்ன செய்ய,
பெத்தேல்விளைக்குப் போகிற ரோடே
தேரி மணலுக்குள் பாதி.

'கிணறு' என்று தட்டினேன்.
விரல்விட்டு எண்ணும்படிதான் வந்தது.
கிணற்றில், கிணற்றை, கிணற்றண்டை:
றகரம் ஒன்று இரட்டித்தால் போதும்,
இயந்திரத்துக்கு அது வேறு சாதி.
அதனால் சொல்லைப் பாதியில் ஒடித்து
'கிணற்' என்று நிறுத்தி
நுனியில் ஒரு நட்சத்திரம் வைத்தேன்.
வரிசையாக வந்தன.

அப்புறம்தான் ஞாபகம்:
பழைய மொழிபெயர்ப்பு பல இடத்தில் துரவு என்கிறது.
எங்கள் பக்கம் அந்தச் சொல்
தோட்டத்துக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு
பத்திரத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது.
துரவு, கேணி, ஊற்று,
எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி
'தண்ணீர்' என்று பெயரிட்டு
ஒற்றைச் சாவியில் பூட்டினேன்.
முன்பு ஒரு மணி நேரம்.
இப்போது, கொசுவை அடித்துக் கை திரும்பும் முன்னே.

எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை.
கடுங்காப்பி போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தால் வசனங்களுக்கு நடுவே
சாம்பல் நிறத்தில் குறுக்குவரிகள்.
பயனர்: மாசில்லாமணி.
இரண்டு வருஷம் முன்னே மாற்றலாகிப் போனவர்,
குறிப்புகளை எடுத்துக்கொண்டு போகவில்லை.
'மைக்செட்காரனுக்கு அறுநூறு பாக்கி.'
'இந்த உவமையை அசனத்தன்று சொன்னேன், ஒருத்தரும் சிரிக்கவில்லை.'
'முழங்கால் வலி. சுருக்கமாக முடி.'

குப்பை.
தேடல் எல்லையைத் திறந்தேன்:
வசனம், டிக். உரை, டிக். குறிப்புகள்,
அதை எடுத்துவிட்டால் திரை வெளுத்துவிடும்.
கர்சர் அங்கே போகிற வழியில்
ஈசாக்கு மறுபடி தோண்டிய துரவின்மேல்
ஒன்று விரிந்தது.

'பெத்தேல்விளையில் இதைச் சொல்லாதே.
கிருபைக்கனியின் தம்பி ஜெபசிங்.
கோயில் கிணற்றில் தூர்வார இறங்கினவன்.
விஷவாயு.
அவள் உட்காருவது மூன்றாம் தூண், பெண்கள் பக்கம்.'

மூன்றாம் தூண்.
ஞாயிறுதோறும் பீடத்துப் பூச்சாடிக்குத்
தண்ணீர் மாற்றுகிறவள்.
பத்தடியில் கிணறு இருக்க
ரோட்டோரக் குழாய்வரை குடத்தோடு நடக்கிறவள்.
நான் அதைப் பார்த்து
'உடம்புக்கு நல்லதுதான் அக்கா' என்று
சிரித்திருக்கிறேன்.
அவளும் சிரித்தாள்.

எழுதி முடித்த நாலு பக்கம்.
'உங்கள் முற்றத்துக் கிணற்றைப் பாருங்கள்' என்றுதான்
ஆரம்பம்.

பத்தரைக்குக் கரண்ட் போனது.
பேட்டரி பதினான்கு சதவீதம்.
குறிப்புகளுக்கு டிக்கை அப்படியே விட்டேன்.
சாம்பலை மாற்றி, கண்ணில் குத்துகிற மஞ்சள்.
மாசில்லாமணி வரிக்குக் கீழே ஒரு வரி:
'அவள் குழாயடிக்குப் போகிறாள். கேட்காதே.'

பிறகு, எதற்கென்று தெரியவில்லை,
'தூர்வார' என்று தேடினேன்.
இந்தப் பதிப்பில்
வசனங்கள்: இல்லை.
உரைகள்: இல்லை.
குறிப்புகள்: ஒன்று.

பெத்தேல்விளை ஆராதனை காலை ஏழரைக்கு.
வேறு வசனம் இன்னும் கிடைக்கவில்லை.